எழுதாத பின்கண்ட்ரோல் மீது வந்த பிழை

எஸ்பிஐ (சில்லுகளை இணைக்கும் ஒரு தொடர் இணைப்பு முறை) வழியே இணையும் ஓர் உணரிக்கான லினக்ஸ் டிரைவருடன், அதன் டிவைஸ்ட்ரீ பைண்டிங்கையும் (வன்பொருள் விவரிப்பில் அச்சாதனத்துக்கு எந்தப் பண்புகள் வரலாம் என்று கூறும் விதித்தொகுப்பு) யாமல் கோப்பாக எழுதியிருந்தேன். சரிபார்ப்பை ஓட்டியபோது, எடுத்துக்காட்டில் இருந்த ‘எஸ்பிஐ-மேக்ஸ்-ஃப்ரீக்வென்சி’ என்ற பண்பு, ‘பின்கண்ட்ரோல்’ எனத் தொடங்கும் ஒரு பெயர் வடிவத்துடன் பொருந்தவில்லை என்று பிழை வந்தது. சில்லின் பின்களை அமைக்கும் பகுதியான பின்கண்ட்ரோல் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எடுத்துக்காட்டைத் திரும்பத் திரும்ப மாற்றியும், சரிபார்ப்பை நடத்தும் டிடிஸ்கீமா கருவியைப் புதுப்பித்தும் இரண்டு நாட்கள் வீணாயின.

அந்தப் பெயர் வெறும் திசைதிருப்பல்தான். பின்கண்ட்ரோல் வடிவத்தைக் கருவியே ஸ்கீமாவில் (பைண்டிங் கோப்பின் விதிகளில்) தானாகச் சேர்த்துக்கொள்கிறது. என் கோப்பில் வேறு வடிவம் எதுவும் இல்லாததால், அது மட்டும் பிழைச் செய்தியில் தலைகாட்டியது. ‘இந்தப் பண்பு அறிவிக்கப்படவில்லை’ என்பதே செய்தியின் உண்மைப் பொருள். எஸ்பிஐ சாதனங்களுக்கான பொதுக் கோப்பை ‘ஆல்ஆஃப்’ பகுதியில் ‘ரெஃப்’ (வேறு கோப்பைச் சுட்டும் குறிப்பு) மூலம் சேர்த்திருந்தும், இறுதியில் ‘அடிஷனல்பிராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்’ (இங்கே அறிவிக்காத பண்புகளுக்கு இடமில்லை) என்று எழுதியிருந்தேன், அது ‘ரெஃப்’ வழியே வரும் பண்புகளைக் கணக்கில் கொள்வதே இல்லை. அவ்வரியை, ‘ரெஃப்’ வழியே வருபவற்றையும் கணக்கில் கொள்ளும் ‘அன்இவாலுவேட்டட்பிராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்’ என மாற்றியதும் சரிபார்ப்பு நிம்மதியாக முடிந்தது. பழைய வரியை வைத்துக்கொண்டு அந்த ஒரு பண்பை மட்டும் ‘ட்ரூ’ என்று அறிவித்தாலும் இப்பிழை நீங்கும்; ஆனால் பொதுக் கோப்பின் மற்றப் பண்புகள் தடைபட்டே இருக்கும்.