ஆங்கில வார்த்தைக்கு ரைம் சிக்கவில்லையா?
எழுத்துக்கூட்டலை விடுங்கள், காதை நம்புங்கள். காஃப் (cough), டஃப் (tough), தோ (though), த்ரூ (through) எல்லாம் ough என்ற அதே நான்கு எழுத்தில்தான் முடிகின்றன. ஒன்றுக்கொன்று ரைம் ஆகாது.

அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு, முன்னால் வேறு மெய்யொலிகளை மாட்டிப் பாருங்கள். டைம் என்றால் லைம், மைம். க்ரைம், ப்ரைம், ஸ்லைம் போன்ற கூட்டொலிகளில்தான் நல்ல சரக்கு கிடைக்கும், அவற்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அதுவும் தீர்ந்ததா? உயிரொலியை அப்படியே வைத்து, கடைசி ம்-ஐ மட்டும் ன் ஆக்குங்கள்: லைன், ஃபைன், ஷைன். இழுத்துப் பாடும்போது வித்தியாசமே தெரியாது. ராப் எழுதுகிறவர்கள் பிழைப்பதே இதில்தான்!

சோம்பலாக இருந்தால் ரைம்ஸோன் தளத்தில் வார்த்தையைப் போட்டு, நியர் ரைம்ஸை, அதாவது கிட்டத்தட்ட ரைம் ஆகும் வார்த்தைகளைத் தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சுக்கு மட்டும் அன்றாட வார்த்தை எதுவும் சிக்காது. டோர் ஹிஞ்ச் என்று இரண்டு வார்த்தையாகச் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும்.