கல்லூரியில் கருத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் கல்லூரி திறந்தால் ஆகஸ்டுக்குள் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எங்கிருந்தாவது ஒரு மாணவர் பேசுவார். இல்லாவிட்டால், வேலைக்குச் சேர்ந்து வருடம் திரும்பாத உதவிப் பேராசிரியர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், மாணவர் இதழில் வந்த கட்டுரை, வகுப்பில் சாதியைப் பற்றிப் பேசியது என ஏதோ ஒன்றுக்காக முதல்வர் கூப்பிட்டிருப்பார். ஆசிரியர் சங்க வேலையில் இருந்தவன் என்பதால் என்னைத் துணைக்கு அழைக்கிறார்கள். எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இந்தப் பிள்ளைகளும் இடறுகிறார்கள். பெயர் சொல்லித் திட்டாதே, கேள்விப்பட்டதை உண்மை என்று எழுதாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல்வர் அறையிலேயே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

பவானி பக்கம் ஒரு தனியார் கல்லூரி. மாணவர் இதழில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிறது, பையன்கள் விடுதிக் கதவை ஒன்பதுக்குத்தான் சாத்துகிறார்கள், பெண்கள் விடுதியை மட்டும் ஆறு மணிக்கே பூட்டுவது ஏன் என்று கேட்டிருந்தார். யார் பெயரும் அதில் இல்லை. இதழ் வந்த மறுநாள் அவருடைய அப்பாவுக்குப் போன் போனது. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. "பெருசு பண்ண வேண்டாங் கண்ணு, ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுக் கிளாசுக்குப் போ" என்று கனிவாகத்தான் சொன்னார்கள். அப்பாவும், "எழுதிக் குடுத்துரு சாமி, படிப்பு முடியட்டும்" என்றார். துறைத்தலைவர் சொல்லச் சொல்ல அந்த மாணவி எழுதினார்: "நான் கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படும் வகையில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டேன். இனி இதுபோன்ற செயலில் ஈடுபட்டால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." தேதியை ஆபீசில் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அப்பாவும் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளில் விடுதி என்ற சொல்லே இல்லை. அவர் கேட்ட கேள்வி காணாமல் போய், ஒழுங்கீனம் மட்டும் கோப்பில் ஏறிவிட்டது. அடுத்த வருடம் மெஸ் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்களில் அவரும் இருந்தார். மற்றவர்களை எச்சரித்து அனுப்பிவிட்டு, ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்று காரணம் காட்டி இவரை மட்டும் இடைநீக்கம் செய்தார்கள். பழைய கடிதத்தில் அதற்குள் ஒரு தேதியும் வந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது. அவர் கைப்பட எழுதிய கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் என்ன வாதாட?

ஒருவர்மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் நிர்வாகம் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். ஆதாரத்தைக் காட்ட வேண்டும். பதில் சொல்ல அவகாசம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். இயற்கை நீதி என்று நீதிமன்றங்கள் சொல்வது இதைத்தான். மன்னிப்புக் கடிதம் கைக்கு வந்துவிட்டால் இத்தனை வேலையும் நிர்வாகத்துக்கு மிச்சம். அதனால்தான் அவ்வளவு கனிவாகக் கேட்கிறார்கள்.

பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்து பதற்றமாக இருந்த நேரம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில், தன் நாவலுக்காக நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுப் பெருமாள்முருகன் கையெழுத்துப் போட்டார். அப்போது அவர் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் ஆனது; எழுத்தாளர் அமைப்பினர் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. பள்ளிபாளையத்துப் பெண்ணுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

சரி, தாளை நீட்டினால் என்ன செய்வது? "புகாரை எழுத்துல குடுங்க சார், ரெண்டு நாள்ல எழுத்துலயே பதில் தர்றேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வீட்டில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதுங்கள். எதை எழுதினீர்கள், எப்போது, எதற்காக என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒழுங்கீனம், களங்கம் போன்ற சொற்கள் உங்கள் கையால் வரவே கூடாது. யாராவது மனம் புண்பட்டிருந்தால் அதற்கு வருத்தம் தெரிவிக்கலாம், கருத்தைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே தேதி போடுங்கள். கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், பெற்றோரிடம் முதல் நாள் இரவே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்கள். விஷயம் என்னவென்றே தெரியாமல் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தால் பயத்தில் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள்மேல் கோபப்படுவதில் அர்த்தமே இல்லை.

சுற்றறிக்கையைச் சட்டம் என்று நம்புவது

"சர்க்குலர் இருக்கிறது" என்றதும் பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். கேரளத்தில் 1985-ல் தேசியகீதம் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பாடவில்லையே தவிர மரியாதையாக எழுந்து நின்றவர்கள். கல்வித் துறை அனுப்பிய உத்தரவுதான் நீக்கியதற்கு ஆதாரம். சட்டத்தின் பலம் இல்லாத அந்த உத்தரவை வைத்துப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதனால் சர்க்குலர் என்றால் நகல் கேளுங்கள். எந்தச் சட்டத்தின், எந்த விதியின் கீழ் வந்தது என்று பாருங்கள். பல நேரம் நகலே வராது.

தனியார் கல்லூரியில் அரசியலமைப்பை மட்டும் நம்பிப் போவது

அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிராகக் கிடைத்த உரிமை. தனியாருக்கு எதிராகவும் அதைக் கோரலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வின் பெரும்பான்மை சொன்னது உண்மைதான். ஆனால் தாளாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது கைகொடுக்காது. கொங்குப் பகுதியில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். அங்கே உதவுவது கல்லூரியின் சொந்த விதிப்புத்தகம், பல்கலைக்கழக விதிகள், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஒழுங்குமுறைகள். ஆசிரியர் என்றால் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1976. சேரும்போதே இவற்றை வாங்கிப் படித்துவிடுங்கள்.

வகுப்பறையையும் மேடையையும் குழப்புவது

இது இளம் ஆசிரியர்களுக்கு. நில உடைமை பற்றிய பாடத்தில் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அது உங்கள் பாடம், அங்கே ஒரு அடிகூடப் பின்வாங்காதீர்கள். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்பதை அந்த வகுப்பில் சொன்னால், பாடத்துக்காக உங்களோடு நிற்க வேண்டியவர்களே விலகிவிடுவார்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் 1973-ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகளும் தலைமேல் இருக்கின்றன. பாடம் சார்ந்து பேசியதற்கு அன்றைய பாடக்குறிப்பும் வாசிப்புப் பட்டியலும் கையில் இருக்கட்டும். விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான்.

அசல் சான்றிதழ்களை ஆபீசில் விட்டுவைப்பது

அவை அங்கே இருக்கும்வரை உங்களால் வாய் திறக்க முடியாது.

வாய்மொழி அனுமதியில் கூட்டம் போடுவது

கூட்டத்தன்று அரங்கைப் பூட்டிவிடுவார்கள்.

66ஏ என்றதும் நடுங்குவது

இணையத்தில் எழுதியதற்காக வழக்குப் போடப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு அது. 2015 மார்ச் 24 அன்றே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

குறைதீர்ப்புக் குழுவைத் தேடாமல் இருப்பது

யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஓம்புட்ஸ்பெர்சனிடம் (மாணவர் குறைகளை விசாரிப்பவர்) மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழ்களைத் தர மறுப்பதும் இந்தப் புகாருக்குள் வரும். கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரிக் கல்லூரிகள் பல பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், சேலம், நாமக்கல் கல்லூரிகள் பல பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும் இருக்கின்றன. பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். உங்கள் கல்லூரி எதில் இணைந்தது என்று பார்த்துக்கொண்டு புகாரை எழுதுங்கள். நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.