எம்.பி. மூலம் அமைச்சரைக் கேட்கப் போகிறீர்களா? கேள்வி வீணாகிப் போகும் இடங்கள்

தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகு உரிமையாளர் என் முன்னால் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து வைத்தார். உள்ளே படகின் பதிவுச் சான்று, வங்கிக் கடன் ரசீதுகள், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய ஒரு பத்திரிகைத் துண்டு. படகை இலங்கைக் கடற்படை பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆட்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், படகு இலங்கையின் மயிலிட்டித் துறைமுகத்தில் நிற்கிறது. "பார்லிமென்ட்ல கேட்டாங்களாம், மந்திரியும் பதில் சொல்லிட்டாராம். என் போட்டைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லையே தம்பி" என்றார்.

அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எத்தனை மீனவர்கள் கைது செய்யப்பட்டார்கள், அவர்களை மீட்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டிருந்தோம். படகு என்ற சொல்லே கேள்வியில் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காததற்கு எந்த அமைச்சகமும் பதில் தராது.

நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கேட்பது எம்.பி.தான். ஆனால் கேள்விக்கான விஷயம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் போகிறது: மீனவர் சங்கம், வரலாற்று ஆர்வலர்கள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள், மாணவர்கள். நல்ல விஷயத்தோடு போய், எழுதும் விதத்தால் கேள்வியைக் கெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இது.

தவறான கதவைத் தட்டுவது

கடலில் நடப்பது எல்லாமே வெளியுறவுத் துறை என்று நினைத்துக்கொள்கிறோம். கைதானவர்களை மீட்பது, இலங்கையோடு பேசுவது வெளியுறவு அமைச்சகம். கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறுவதற்கான மானியத்தை மீன்வளத் துறையிடம் கேட்க வேண்டும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் பற்றி என்றால் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து அமைச்சகம். அதே கப்பலில் போகிறவரின் குடியேற்றச் சோதனை உள்துறையின் வேலை.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், எந்த அமைச்சகத்துக்குப் போனாலும் மற்றதெல்லாம் எங்களுக்கு உரியதல்ல என்று நழுவிவிடும். சில நேரம் கேள்வியே வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். மக்களவையில் அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். மாறினால் நாளும் மாறும். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே கேள்வி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு எம்.பி. ஆபீஸுக்கு ஓடுவதில் பெரும்பாலும் பயனில்லை. ஒரு தாளில் ஓர் அமைச்சகம், ஒரே விஷயம். அப்படித்தான் எழுதித் தர வேண்டும்.

கேள்விக்குள் மேடைப் பேச்சு

"தமிழக மீனவர்கள் நாள்தோறும் தாக்கப்படுவதை அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?" இந்த வரியில் இருக்கும் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. நியாயமானதும்கூட. ஆனால் இது அவையின் செயலகத்தைத் தாண்டாது. மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆம் விதி இருக்கிறது. கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, குத்தல் கூடாது, பழி சுமத்தக் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகச் சொல்லக் கூடாது. பொதுவாக 150 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தையும் தொடக் கூடாது.

இதில் அடிக்கடி சிக்குவது கச்சத்தீவு. "கச்சத்தீவை மீட்க அரசுக்கு எண்ணம் உண்டா?" என்று கேட்டால், 1974, 1976 ஒப்பந்தங்களைச் சொல்லி, தீவு கடல் எல்லைக் கோட்டின் இலங்கைப் பக்கம் இருக்கிறது, வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது என்ற பதில் வரும். இந்தப் பதிலுக்காக இன்னொரு கூட்டத்தொடரைச் செலவழிக்க வேண்டியதில்லை.

அதே 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவைப் பாருங்கள். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கை அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்று அதில் இருக்கிறது. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து படகுகள் போவது இதன் தொடர்ச்சிதான். கடந்த பத்து ஆண்டுகளில் திருவிழாவுக்குப் போன யாத்ரீகர்கள் எத்தனை பேர், அனுமதிக்கப்பட்ட படகுகள் எத்தனை, பயணம் நடக்காத ஆண்டுகள் எவை, ஏன் நடக்கவில்லை, எண்ணிக்கையை முடிவு செய்வது யார் என்று கேளுங்கள். பாதுகாப்பு, பண்பாடு, பயணம் மூன்றும் அதில் வந்துவிடும். வாதம் ஒரு வரிகூட இருக்காது, தள்ளிவிடவும் காரணம் இருக்காது.

"உண்டா, இல்லையா" என்று மட்டும் கேட்பது

நான் செய்த தவறு இந்த வகைதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன: "... என்பதை அரசு அறியுமா. ஆமெனில் அதன் விவரங்கள் என்ன. எடுத்த நடவடிக்கைகள் என்ன?" இது பழைய அச்சு. இந்த அச்சுக்கு அமைச்சகங்களிடமும் பழைய அச்சில் பதில் தயாராக இருக்கிறது. மீனவர்களின் பாதுகாப்புக்கு அரசு மிக உயர்ந்த முக்கியத்துவம் தருகிறது. தூதரக வழியில் இலங்கை அரசிடம் தொடர்ந்து பேசப்படுகிறது. 2016இல் அமைக்கப்பட்ட கூட்டுப் பணிக்குழு இதைக் கவனிக்கிறது. பொய் என்று எதையும் சொல்ல முடியாது, ஆனால் படகு உரிமையாளருக்கு இதில் ஒரு பிடி கிடையாது.

அவருக்காகத் திரும்ப எழுதிய வடிவம் இது:

(அ) 2020 முதல் ஆண்டுவாரியாக, இலங்கை பிடித்துவைத்த தமிழ்நாட்டு மீன்பிடிப் படகுகள் எத்தனை; 
(ஆ) அவற்றில் திருப்பித் தரப்பட்டவை, இலங்கை நீதிமன்றங்களால் அரசுடைமையாக்கப்பட்டவை, வழக்கு நிலுவையில் உள்ளவை தனித்தனியாக எத்தனை; 
(இ) விடுவிக்க உத்தரவாகியும் இன்னும் இலங்கைத் துறைமுகங்களில் நிற்பவை எத்தனை, எந்தெந்தத் துறைமுகத்தில்; 
(ஈ) கூட்டுப் பணிக்குழு கடைசியாகக் கூடிய தேதி எது, படகுகள் பற்றி அதில் எடுத்த முடிவு என்ன?

இதில் "உண்டா" என்று ஓரிடத்திலும் இல்லை. எண், இடம், தேதி, முடிவு அவ்வளவுதான். (ஆ) பிரிவு மிக முக்கியம். மூன்று நிலைகளையும் பிரித்துக் கேட்காவிட்டால் "விடுவிக்க முயற்சி எடுக்கப்படுகிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்றையும் போட்டு மூடிவிடுவார்கள். அரசுடைமையான படகுக்கும் வழக்கில் இருக்கும் படகுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது கடன் கட்டுகிறவனுக்குத்தான் தெரியும். படகை இழுத்து வரும் செலவு, பழுது பார்க்க உதவி ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை. அது மீன்வளத் துறைக்குத் தனித் தாள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கேள்விக்கு எண்ணே இல்லாமல், ஒரே பத்தியில், நீங்களே ஒரு பதில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் கேள்வி இன்னும் இறுகவில்லை.

ரகசியம் என்று சொல்ல இடம் கொடுப்பது

பாதுகாப்பு பற்றிய கேள்வி என்றால் ரோந்துக் கப்பல் எத்தனை, ரேடார் எங்கே என்றுதான் முதலில் வாயில் வருகிறது. நாட்டின் பாதுகாப்பு நலன் கருதி வெளியிட இயலாது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அதை யாரும் குறை சொல்லவும் முடியாது. செலவு, காலிப் பணியிடம், ஏற்கெனவே அறிவித்த திட்டத்தின் முன்னேற்றம் இவற்றுக்கு அந்த மறைப்பு கிடையாது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. எல்லைக்கு அருகே போகும்போது எச்சரிக்கும், ஆபத்தில் செய்தி அனுப்பும் கருவி அது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் எத்தனை பொருத்தியாயிற்று, எத்தனை வேலை செய்கிறது, பழுதானால் மாற்றித் தர எத்தனை நாள் என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மீனவன் பத்திரமாகத் திரும்புவதும் பாதுகாப்புதான்.

கீழடியும் விமான டிக்கெட்டும்

பண்பாட்டுக் கேள்விகளில் மத்திய, மாநில எல்லை தெரியாமல் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். கீழடியில் முதல் மூன்று கட்ட அகழாய்வுகளை இந்தியத் தொல்லியல் துறை செய்தது. 2018இல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை செய்கிறது. பிந்தைய கட்டங்களில் கிடைத்த பொருட்களைப் பற்றி மத்திய அமைச்சரிடம் கேட்டால் மாநில அரசைக் கேளுங்கள் என்பார், சரியாகத்தான் சொல்வார். முதல் இரண்டு கட்டங்களின் அறிக்கையை, அவற்றை நடத்திய தொல்லியல் அறிஞர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் சமர்ப்பித்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இடையில் அந்த அறிக்கையைப் படித்து ஆய்வு செய்தவர்கள் யார், அவர்கள் கருத்து எந்தத் தேதியில் வந்தது, மற்ற அகழாய்வு அறிக்கைகள் வெளிவர எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்பதுதான் மத்திய அரசை உண்மையில் பதில் சொல்ல வைக்கும். "தமிழர் தொன்மையை மறைக்கிறீர்களா" என்பதை மேடையில் கேட்கலாம். அவையில் தேதிகளைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கும் மேலான இடைவெளியைத் தேதிகளே காட்டிவிடும்.

கோயில்களிலும் இதே குழப்பம். தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சிவன் கோயில் பெரும்பாலும் அறநிலையத் துறையுடையது. இது தெரியாமல் கோபுரத்தில் மரம் முளைத்ததை டெல்லி வரை கொண்டுபோகாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரே போதும்.

பயணம் பக்கம் வந்தால், தீபாவளி, பொங்கல் சமயத்தில் விமானக் கட்டணம். "கட்டணத்தைக் குறைக்க அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை, சந்தையே நிர்ணயிக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் பதில் வருகிறது. ஆனால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் கட்டணக் கண்காணிப்புப் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவு எந்தெந்தத் தடங்களைக் கண்காணித்தது, என்ன கண்டது, யாருக்கு நோட்டீஸ் போனது? இதை அரசு பதில் சொல்லாமல் தாண்ட முடியாது.

மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானம் கேட்பவர்களுக்கும் ஒன்று. "சேவை தொடங்கப்படுமா" என்றால், இந்திய நிறுவனங்கள் எங்கிருந்தும் இயக்கலாம், அது அவர்கள் வணிக முடிவு என்பார்கள். எந்தெந்த நாட்டோடு செய்துகொண்ட இருதரப்பு விமான சேவை ஒப்பந்தங்களில், அந்நாட்டு நிறுவனங்கள் வந்திறங்கும் நகரமாக மதுரை இருக்கிறது, எவற்றில் இல்லை, சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை வந்தும் ஏன் சேர்க்கவில்லை என்று கேளுங்கள்.

நட்சத்திரம் வேண்டும் என்று அடம்பிடிப்பது

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், தொலைக்காட்சியில் வரும். அதனால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான் பட்டியலில் வரும், அதுவும் குலுக்கலில். கேள்வி நேரமான ஒரு மணி நேரத்தில் பல நாட்கள் ஐந்தாறைத் தாண்டுவதில்லை. அமளி என்றால் அதுவும் இல்லை. எழுத்துப்பூர்வ பதிலுக்கான குறியில்லாக் கேள்விகள் ஒரு நாளைக்கு 230 வரை ஏற்கப்படுகின்றன. அட்டவணை வேண்டுமென்றால் இந்த வழிதான் நல்லது. முதலில் எழுத்தில் எண்ணை வாங்குங்கள். அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு நட்சத்திரக் கேள்விக்கு முயலுங்கள்.

நட்சத்திரக் கேள்வி கிடைத்துவிட்டால், அமைச்சர் பதில் சொன்னதும் அவையிலேயே எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே உறுப்பினர்கள் இரண்டு நிமிடம் தொகுதிப் பெருமை பேசி, கடைசியில் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறார்கள். அமைச்சர் மூன்றில் சுலபமானதைப் பிடித்துக்கொள்கிறார். துணைக் கேள்வி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் அளவு இருக்கட்டும். எழுத்துப் பதிலில் விடுபட்ட ஒரே ஓர் இடத்தைத் தொடட்டும்.

எம்.பி.யின் லாகினை வாங்கி நீங்களே கேள்வியைப் பதிவேற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 2023 டிசம்பரில் ஒரு மக்களவை உறுப்பினரின் பதவி போன விவகாரத்தில் லாகினைப் பிறருக்குத் தந்ததும் ஒரு குற்றச்சாட்டு. 2005 டிசம்பரில் கேள்விக்குப் பணம் வாங்கியதாக 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தாளில் எழுதிக் கொடுங்கள், ஆதாரத்தை இணையுங்கள், அத்தோடு சரி.

பதில் வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவது

பதில் வந்த அன்று எம்.பி. பேஸ்புக்கில் போடுவார், சங்கம் வாட்ஸ்அப்பில் பகிரும், அப்புறம் மறந்துவிடும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" போன்ற வரிகள் பதிலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அவை அரசின் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளப்படலாம். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைத் துரத்துவதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தேதியைக் குறித்துவைத்து, கெடு தாண்டினால் எம்.பி.யை அந்தக் குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள். பதில் வந்தும் விளக்கம் போதவில்லை என்றால் 55ஆம் விதிப்படி அரை மணி நேர விவாதம் கேட்கலாம். இந்த விதி இருப்பது பல எம்.பி. அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கே நினைவில் இல்லை.

தங்கச்சிமடத்துக்காரரின் கேள்வி மேலே சொன்ன வடிவத்தில், நட்சத்திரம் இல்லாமல், எம்.பி.யிடம் போயிருக்கிறது. மீன்வளத் துறைக்கான தாள் தனியாக. படகின் பதிவு எண்ணைக் கேள்வியில் எழுதவில்லை. அவர் கைப்படவே ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்கிறார். எண்கள் வந்து, அடுத்த கூட்டத்தொடரில் குலுக்கலில் இடமும் கிடைத்தால், துணைக் கேள்விக்கு எம்.பி. எழும்போது கையில் இருக்க வேண்டியது அந்தச் சீட்டு.