இன்சுலின் ஊசியைத் தானே போட நோயாளியைப் பழக்குதல்

"எனக்கு ஏலாது மிஸ், மகள் போடுவா" என்று ஒதுங்கும் அம்மாவிடம் "பயப்படாதீங்க" என்று எத்தனை தரம் சொன்னாலும் பெரிதாகப் பலனில்லை. 'இந்த வேலையை என்னால் செய்யமுடியும்' என்ற நம்பிக்கை வளர உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து வெல்வது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடலின் பதற்றத்தை விளங்கிக்கொள்ளும் விதம். வலிமை முதலாவதற்கே. வேலை நெருக்கும் வாட்டில் தாதியரான நாம் பிடித்துத் தொங்குவதோ மூன்றாவதை.

முதலில் கேளுங்கள்: "நாளைக் காலை வீட்டில் தனியாக ஊசி போட 10க்கு எத்தனை நம்பிக்கை?" 4 என்றால், "ஏன் 2 இல்லை?" என்று கேளுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது வெளியே வரும்.

பழக்குவதை டிஸ்சார்ஜ் நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாள் சேலைனை (மருந்தில்லாத உப்புநீர்) சிரிஞ்சில் உறிஞ்சிப் பழகினால் போதும். மறுநாள் உண்மையான மருந்து. பால்நிறக் கலவை இன்சுலின் என்றால் போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டவேண்டும். டோஸ் அளவு காற்றை உள்ளே தள்ளிவிட்டு, போத்தலைத் தலைகீழாகப் பிடித்து உறிஞ்சவேண்டும். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான்: 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு பொதுவாக 2 யூனிட். 12 யூனிட்டுக்கு ஆறாவது கோடு. பன்னிரண்டு கோடு எண்ணினால் டோஸ் இரட்டிப்பு. வீட்டில் பாவிக்கப்போகும் அதே வகை சிரிஞ்சிலேயே பழக்குங்கள். தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றராவது தள்ளிக் குத்தி, பத்து எண்ணிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். கை தடுமாறும்போது சிரிஞ்சை வாங்கி நீங்களே உறிஞ்சிக் கொடுத்தால் நேரம் மிச்சம்தான். அம்மாவுக்கு மிஞ்சுவது 'எனக்கு ஏலாது' மட்டுமே.

பக்கத்துக் கட்டிலில் போன கிழமை பயந்து, இப்போது மெதுவாகப் போட்டுக்கொள்பவர் இருந்தால் அவரின் சம்மதத்தோடு பார்க்க விடுங்கள். உங்கள் வேகமான கையைப் பார்த்து நோயாளி மிரளத்தான் செய்வார்.

கொழும்பு வாட்டுகளில் தாதி சிங்களத்திலும் நோயாளி தமிழிலும் பேசுவது வழமை. மொழிபெயர்க்கும் உறவினரே "விளங்கிட்டுது" என்று தலையாட்டிவிடுவார். அதை ஏற்காமல் நோயாளியையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கைநடுக்கம் பதற்றத்தாலும் வரும், சீனி இறங்கினாலும் வரும். விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள், 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். முதலிலேயே சீனி சரியாக இருந்தால் அந்த எண்ணை அவருக்கே காட்டுங்கள், நடுக்கம் சீனி இறங்கியதால் இல்லை என்று விளங்கும்.

போகும் நாளில் அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். 7க்குக் குறைந்தால் மகளையும் கூப்பிட்டுப் பழக்குங்கள். சிரிஞ்ச் மட்டும் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.