எஸ்க்ரிமா பழக முதல் குச்சி: தேர்ந்தெடுப்பதும் பழகுவதும்

அபுதாபியில் வேலை பார்த்த காலத்தில், எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் விடுமுறை நாள் காலைகளில் டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கும். நாலைந்து பிலிப்பினோ நண்பர்கள் பிரம்புக் குச்சிகளோடு நின்று, எஸ்க்ரிமா என்ற தங்கள் நாட்டுத் தற்காப்புக் கலையைப் பழகிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் செபு தீவிலிருந்து வந்த மூத்தவர் ஒருவரை எல்லோரும் ‘குயா’ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். நானும் அவரைக் குயா என்றே கூப்பிட்டுப் பழக ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். பார்க்க அழகாக இருக்கிறதே என்று கறுப்பு மரத்தில் கடைந்த ஒரு ஜோடிக் குச்சிகளை வாங்கிவிட்டேன். பத்தே நாளில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. தண்ணீர் கேனைத் தூக்க முடியாமல் மூன்று வாரம் கஷ்டப்பட்டேன். குயா அந்தக் குச்சிகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடைய நைந்துபோன பிரம்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். இரண்டு மாதம் அந்த ஒற்றைப் பிரம்புதான். புதிதாகத் தொடங்குகிற எவரும் அந்த வழியில்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் மணிக்கட்டு பழக வேண்டும், கனமான குச்சி அதைப் பழக விடாது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே கலைக் குடும்பத்தைக் குறிப்பவை. எஸ்க்ரிமா என்ற சொல் வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. செபு பக்கம் அதுதான் புழக்கம். காலி என்ற பெயர் அமெரிக்காவில் அதிகம் கேட்கும். 2009இல் பிலிப்பைன்ஸ் அரசு சட்டம் இயற்றி, ஆர்னிஸ் என்ற பெயரில் இதைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. சரி, இனி குச்சிக்கு வருவோம்.

படி 1: எந்தப் பொருளில் வாங்குவது?

பிரம்பு. வேறு யோசனையே வேண்டாம்.

பிலிப்பைன்ஸில் இதை ‘யாந்தோக்’ என்பார்கள். பிரம்பும் மூங்கிலும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். மூங்கில் உள்ளே வெற்றிடம் உள்ளது. அடி பலமாக விழுந்தால் நீளவாக்கில் பிளந்து கத்திபோல் கூர்மையான சிம்பு எழும். பிரம்போ உள்ளே கெட்டியானது, நெடுக நார் ஓடுவது. அடிபட்டால் திடீரென்று ஒடியாது. நார் நாராகப் பிரிந்து, தும்பு தும்பாகி, ‘என் காலம் முடியப்போகிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும். எதிரே ஒருவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் பயிற்சியில் இந்த ஒரு குணமே போதும். வேகமாக இரண்டு பிரம்புகள் மோதும்போது லேசாகத் தீய்ந்த வாசனை வரும். முதல் முறை நான் பயந்துவிட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை, உரசலில் எழும் சூடுதான்.

பிலிப்பைன்ஸில் கடின மரக் குச்சிகளும் உண்டு. காமகோங் என்பது கருங்காலி இனத்து மரம். பாஹி என்பது பனைக் குடும்பத்து மரத்தின் வைரம். ஒரே அளவில் கடைந்தால் காமகோங் குச்சி பிரம்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனக்கும். தனியாகச் சுழற்றிக் கைக்கு வலு ஏற்றவும் அன்பளிப்பாகக் கொடுக்கவும் அவை நன்று. இரண்டு பேர் மோதிப் பழக உதவாது. மரத்தோடு மரம் மோதினால் சில்லு தெறிக்கும், எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காமகோங் பிலிப்பைன்ஸில் பாதுகாக்கப்பட்ட மரமும்கூட.

துடைப்பக் கட்டை, உறை போடாத பிவிசி குழாய் ஆகியவற்றால் ஆள் வைத்துப் பழகாதீர்கள். இரண்டும் கூராக உடையும். பிரம்பு கிடைக்கும்வரை பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி, மேலே டேப் சுற்றி, தனியாக வீசிப் பாருங்கள். முதல் வாரத்துக்கு அது போதும்.

படி 2: நீளமும் பருமனும்

பொதுவாகப் புழங்கும் அளவு 28 அங்குலம், அதாவது சுமார் 71 செ.மீ. விட்டம் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை. உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, கையை நேராக நீட்டிக் குச்சியின் ஒரு முனையை அக்குளில் வையுங்கள். மறுமுனை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையில் எங்காவது வந்து முடிந்தால் நல்ல அளவு. உயரம் குறைந்தவர்களும் சிறுவர்களும் 24, 26 அங்குலத்தில் தொடங்கலாம்.

நீளம் பள்ளிக்குப் பள்ளி மாறும், அதற்குக் காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஆங்கெல் கபாலெஸ் கற்றுக்கொடுத்த செர்ராடா முறை உடம்போடு உடம்பாக நெருங்கி ஆடுவது. அதற்குக் குட்டையான குச்சி தோது. லார்கா மானோ என்ற தொலைவு ஆட்டத்துக்கு 30 அங்குலத்தையும் தாண்டும். நீங்கள் ஏற்கெனவே ஒரு ஆசிரியரிடம் சேர்ந்திருந்தால் அவர் சொல்லும் அளவை வாங்குங்கள், நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

பருமனுக்கு ஒரு சின்னச் சோதனை. குச்சியைப் பிடித்தால் கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் உங்கள் கைக்கு அது தடிமன்.

படி 3: கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

தற்காப்புக் கலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பிரம்பு நாற்காலி முடைகிறவர்களிடம் தடித்த பிரம்பு இருந்தால் அளவு சொல்லி வெட்டியும் வாங்கலாம்.

தோலோடு இருக்கும் பிரம்பையே எடுங்கள். தோல் சீவியது கைக்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தும்பாகும். மேசைமேல் உருட்டிப் பாருங்கள். கொஞ்சம் வளைவு இருந்தால் பரவாயில்லை, தத்தித் தத்தி உருண்டால் வேண்டாம். வெட்டிய முனையை நகத்தால் அழுத்துங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே சத்து இல்லை. கணுக்கள் நெருக்கமாக இருப்பது நல்ல அடையாளம். அப்புறம், ஜோடியாக வாங்கினால் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 28 அங்குலத்தில் ஒரு அங்குலத் தடிமனுள்ள பிரம்பு சுமார் 200 கிராம் வரும். ஒன்று 160, இன்னொன்று 230 என்று இருந்தால் பின்னால் இரட்டைக் குச்சி பழகும்போது ஒரு கை முந்தும், இன்னொரு கை பிந்தும்.

வீட்டுக்கு வந்ததும் இரு முனைகளின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிடுங்கள். முனைகளில் இரண்டு அங்குலத்துக்கு எலக்ட்ரிகல் டேப் சுற்றினால் நார் பிரிவது தள்ளிப்போகும். பிடிக்கிற இடத்தில் எதுவும் சுற்றாதீர்கள். வெறும் பிரம்பின் உரசல் கைக்குத் தெரிய வேண்டும். வெயிலிலும் வண்டிக்குள்ளும் போட்டு வைத்தால் காய்ந்து சொரசொரத்துவிடும்.

படி 4: பிடி

குச்சியின் அடிமுனையிலிருந்து ஒரு கைப்பிடி அளவு விட்டுப் பிடியுங்கள். வெளியே நீண்டிருக்கும் அந்தத் துண்டுக்குப் ‘புன்யோ’ என்று பெயர். நெருக்கத்தில் அதுவே ஒரு ஆயுதம், அதனால் கைக்குள் மறைத்துவிடக் கூடாது. கட்டைவிரல் மற்ற விரல்களின்மேல் மடங்கியிருக்கட்டும். குச்சியின்மேல் நீட்டி வைத்தால் முதல் பலமான அடியிலேயே பிடி நழுவும்.

எப்போதும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். வீசும்போது தளர்வு, படும் நொடியில் இறுக்கம். என் முழங்கை வலிக்குப் பாதிக் காரணம் குச்சியின் கனம், மீதிப் பாதி நான் விடாமல் இறுக்கிப் பிடித்தது.

இன்னொன்று: குச்சி உருண்டைதான், ஆனாலும் அதற்கு ஒரு வெட்டுவாய் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். விரல்களின் இரண்டாவது மூட்டு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அதுதான் வெட்டுவாய். இது பிடிபடாதவர்கள் வீட்டில் ஒரு தட்டையான தோசைத்திருப்பியை எடுத்து வீசிப் பாருங்கள். விளிம்பு காற்றைக் கிழித்துப் போனால் கை சரி. பட்டைப் பக்கம் காற்றில் மோதித் தடுத்தால் மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. இந்தக் கலையின் அடிகள் பெரும்பாலும் வாளும் வெட்டுக்கத்தியும் போகும் வழியிலேயே போகின்றன, அதனால்தான் இவ்வளவு அக்கறை.

படி 5: கால்

தரையில் சாக்பீஸால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் பெரிதாக வரையுங்கள். கூர்முனையில் இரு கால்களையும் சேர்த்து வைத்து, வலது காலை வலது கோட்டின் முனைக்கு நகர்த்துங்கள், திரும்ப வாருங்கள். அடுத்து இடது கால். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். அடி வருகிற நேர்க்கோட்டைவிட்டுச் சாய்வாக விலகி முன்னேறுவதுதான் இதன் நோக்கம். குச்சி இல்லாமல் ஐந்து நிமிடம், குச்சியோடு ஐந்து நிமிடம் போதும்.

குச்சி இல்லாத கையை நெஞ்சுக்கு முன்னால் விரித்து வையுங்கள். தடுக்கவும் பிடிக்கவும் தள்ளவும் வேலை செய்யும் கை அது. சிலம்பம் சுற்றியவர்களுக்கு இரண்டு கையும் ஒரே கம்பில் இருந்து பழக்கம், அதனால் இந்தக் கை முதலில் தொங்கிப்போகும். குயா என் இடது கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து, நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொள்ளச் சொன்னார். கை கீழே போனதும் எனக்கே தெரிந்துவிடும்.

படி 6: ஐந்து அடிகள்

அடிகளுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். ரெமி பிரேசாஸ் உருவாக்கிய மாடர்ன் ஆர்னிஸில் 12 எண்கள், பன்னிரண்டாவது உச்சந்தலையில் இறங்கும். வேறு பள்ளிகளில் எண்ணும் வரிசையும் மாறும். தொடக்கத்துக்கு ஐந்து போதும். சுவரில் ஒரு பெருக்கல் குறியும், அதன் நடுவே படுக்கையாக ஒரு கோடும் வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இது வலக்கைக்காரர்களுக்கு:

1. வலது மேலிருந்து இடது கீழ் நோக்கிச் சாய்வாக. இலக்கு எதிராளியின் இடது நெற்றிப்பொட்டு.
2. அதே போல இடது மேலிருந்து வலது கீழ், புறங்கை முன்னால் போக. இலக்கு வலது நெற்றிப்பொட்டு.
3. வலமிருந்து இடமாக, விலா உயரத்தில் படுக்கையாக. உள்ளங்கை மேலே பார்க்கும்.
4. இடமிருந்து வலமாக அதே உயரத்தில். உள்ளங்கை கீழே பார்க்கும்.
5. நேராக வயிற்றை நோக்கி ஒரு குத்து.

ஒவ்வொன்றையும் மெதுவாகப் பத்து முறை செய்யுங்கள். பிறகு இரண்டு விதமாக வேறுபடுத்திச் செய்யுங்கள். ஒன்று, குச்சி இலக்கைக் கடந்து முழுதாக ஓடி மறுபக்கம் போவது, இதை லோப்திக் என்பார்கள். மற்றது, சாட்டைபோல் தொட்டவுடன் வந்த வழியே சுண்டித் திரும்புவது, இது வித்திக். வித்திக் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். தோளிலிருந்து வந்தால் நிறுத்திவிட்டு வேகத்தைக் குறையுங்கள். வலது கையில் பத்து என்றால் இடது கையிலும் பத்து. இதில் சலுகை கிடையாது.

படி 7: பழைய டயர்

காற்றில் வீசுவது மட்டும் போதாது, எதையாவது அடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்று வாங்கி, நெஞ்சு உயரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். மேலேயும் கீழேயும் கட்டினால் அதிகம் ஆடாது. ஐந்து அடிகளையும் வரிசையாக இரண்டு நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. ரப்பர் குச்சியைத் திருப்பி எறியும், அந்தத் துள்ளலை அடுத்த அடிக்குப் பயன்படுத்தப் பழகுங்கள். முழங்கையில் சுருக்கென்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

படி 8: இரண்டு குச்சி, சினவாலி

ஒன்றரை, இரண்டு மாதத்துக்குப் பிறகு வாருங்கள் இதற்கு. சவாலி என்பது பிலிப்பைன்ஸ் வீடுகளின் மூங்கில் தட்டிச் சுவர். அந்த முடைவேலையிலிருந்து வந்த பெயர் சினவாலி. இரண்டு குச்சிகளும் தட்டி முடைவதுபோல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிப் போகும்.

ஆறு அடிகள் உள்ள எளிய பின்னலைச் சொல்கிறேன். வலது குச்சியை வலது தோள்மேல் வையுங்கள், இடது குச்சியை வலது அக்குளுக்குக் கீழே. முதலில் வலது கை எண் 1 அடித்து இடது தோள் பக்கம் போகட்டும். உடனே இடது கை அக்குளுக்குக் கீழிருந்து புறங்கையால் அடித்து இடது தோளுக்கு வரட்டும். மூன்றாவதாக வலது கை எண் 2 அடித்துச் சுண்டி, இடது அக்குளுக்குக் கீழே அடங்கட்டும். இப்போது நீங்கள் நிற்பது தொடக்க நிலையின் கண்ணாடிப் பிம்பம். அங்கிருந்து இடது கை தொடங்கி அதே மூன்று. ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்று வாய்விட்டு எண்ணுங்கள். முதல் இரண்டு நாள் குச்சிகள் சிக்கிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, நான்காவது நாளில் எண்ணுவது நின்றுபோய்க் கை தானாகவே பின்னும். அந்தக் காலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

படி 9: எதிரே ஒரு ஆள்

முதலில் கண்ணாடி. உடையாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியை இருவரும் மாட்டாமல் குச்சியை உயர்த்தவே கூடாது. பிரம்பிலிருந்து தெறிக்கும் ஒரு தும்பு கண்ணுக்குள் போகப் போதும். கையுறை இருந்தால் விரல் மூட்டுகள் தப்பும்.

கையையும் குச்சியையும் நீட்டினால் இருவர் குச்சிகளும் நடுப்பகுதிக்கு மேலே சந்திக்கிற தூரத்தில் நில்லுங்கள். அதே பின்னலை இருவரும் செய்தால் குச்சிகள் தாமாகவே நடுவில் சந்திக்கும். ஒருவர் குச்சியைப் பார்த்து இன்னொருவர் அடிக்க ஆரம்பிப்பதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தவறு. குச்சியைத் துரத்தாமல் நெற்றிப்பொட்டு இருக்கும் உயரத்துக்கே அடியை அனுப்புங்கள், எதிராளியின் குச்சி அங்கே வந்து சந்திக்கும். வேகத்தை இருவரில் மெதுவானவர் தீர்மானிக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்ததும் குச்சியை ஒரு துணியால் முழுக்கத் துடைத்துப் பாருங்கள். துணி எங்காவது மாட்டினால் அங்கே நார் எழுந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து டேப் சுற்றலாம். வளைத்தால் நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, ஒரு இடத்தில் மட்டும் தளர்ந்து மடிந்தாலோ, அதை ஆள் வைத்துப் பழகுவதிலிருந்து ஒதுக்கி டயருக்கு வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு ஜோடி வாங்குங்கள்.