பெய்லிஃப் போட்ட கட்டணத்தைக் கேள்வி கேட்பது எப்படி?

கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பாக்கி 900 பவுண்டு. பாக்கியை வசூலிக்கக் கவுன்சில் அமர்த்திய முகவரான பெய்லிஃபின் கடிதத்திலோ 1,210. மொத்தத்தைப் பார்த்து ‘அநியாயம்’ என்று எழுதினால் காரியம் நடக்காது. எந்தக் கட்டணம், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். (இது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.)

முதலில் கட்டண விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபோனில் பேசினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 2014 விதிகள் வைத்த தொகை இது: கோப்பு அவர்களிடம் வந்ததும் ‘கம்ப்ளையன்ஸ்’ 75 பவுண்டு, வீட்டுக்கு வந்தால் ‘என்ஃபோர்ஸ்மென்ட்’ 235, பொருட்களை எடுத்து விற்கும் கட்டத்துக்கு 110. கடன் 1,500ஐத் தாண்டினால் பின்னிரண்டிலும், தாண்டிய தொகைக்கு ஏழரை சதவீதம் கூடும். உங்கள் தேதிக்குரிய தொகையை அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம் அந்த 235ஐப் பிடியுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான். வீட்டுக்கு வராமல் அதைப் போட முடியாது. வருவதற்கு முன் நோட்டீஸ் தந்து, விதிப்படியான நாட்கள் கழிந்திருக்க வேண்டும். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அதை எழுதுங்கள். மூன்று முறை வந்தாலும் 235 ஒன்றுதான். இரண்டு வருடப் பாக்கியைச் சேர்த்தே வசூலிக்க முடியும் என்றால், 75 தனித்தனியாக வரும், 235 ஒருமுறைதான். கடும் நோய் போன்ற காரணத்தால் நீங்கள் பலவீனமான நிலையில் இருந்தால், ஆலோசனை பெறப் போதிய வாய்ப்பு தராமல் அதை வசூலிக்கக் கூடாது. மருத்துவரின் கடிதம் கைவசம் இருக்கட்டும்.

கவுன்சிலுக்கு நேரே கட்டிவிட்டால் கட்டணம் மறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மறையாது.

கடிதம் மூன்று வரி போதும்: “என் கணக்கில் 235 பவுண்டு சேர்த்திருக்கிறீர்கள். வந்த தேதி, நேரம், நோட்டீஸ் அனுப்பிய தேதி, அனுப்பிய முகவரி ஆகியவற்றைத் தாருங்கள். ஆதாரம் இல்லையென்றால் கட்டணத்தை நீக்குங்கள்.”

பெய்லிஃப் நிறுவனத்துக்கு அனுப்பும்போதே கவுன்சிலுக்கும் ஒரு பிரதி போகட்டும். வேலை கொடுத்தவர்கள் அவர்கள்தானே. சரியாகவில்லையா? கவுன்சிலில் முறைப்படி புகார் கொடுங்கள், பிறகு ஆம்பட்ஸ்மனிடம் (கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு) போகலாம். கட்டணத் தகராறை நீதிமன்றமும் தீர்க்கும், ஆனால் தோற்றால் செலவு உங்கள் தலையில் விழலாம். அதற்குமுன் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ நேஷனல் டெட்லைனிலோ இலவசமாக ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை கதவைப் பூட்டியே வையுங்கள். கவுன்சில் டாக்ஸுக்காக முதல்முறை வருபவர் உடைத்து நுழைய முடியாது. திறந்திருக்கும் கதவு வழியாக வரலாம்.