டர்பன் மரங்களைப் பற்றிய படக்கதையை நீங்களே அச்சிட

கதையில் வரும் பாட்டி வாயில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று எழுதிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி குளிர்காலம், மழை குறைவு. பெருமழை அக்டோபர் முதல் மார்ச் வரை. கன்று நடும் காட்சியைச் செப்டம்பரில் வையுங்கள். 1 முதல் 7 வரை நாடெங்கும் மர வாரம். பள்ளிகளில் புத்தகம் விற்கவும் அதுவே தோதான நேரம்.

வேம்பும் ஆலும் வரையக் கை தானாகப் போகும். இங்கே ஓடைக்கரையில் நிற்பது உம்டோனி. நம் நாவலுக்குச் சொந்தம், பழமும் ஊதா. கல்யாண முருங்கைக்கு உறவான கோரல் மரம் இலையுதிர்ந்த கிளையில் சிவப்பாகப் பூக்கும். ஓவியர் பச்சை இலைக்கூட்டத்தையும் சேர்த்துவிடுவார், திருத்தச் சொல்லுங்கள். ஜகராந்தா அழகுதான், ஆனால் அரசின் ஊடுருவும் தாவரப் பட்டியலில் இருக்கிறது. அதை நடச் சொல்லும் கதை வேண்டாம்.

கதைக்கரு தேடுவோர் டர்பனின் பஃபெல்ஸ்ட்ராய் குப்பைமேட்டைச் சுற்றிய நிலத்தைப் பாருங்கள். கரும்பு விளைந்த அங்கே 2008 முதல் காடு வளர்க்கிறார்கள். மக்கள் விதை பொறுக்கி, வீட்டில் கன்று வளர்த்து, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கினார்கள். 1860இல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக வந்ததில் தொடங்கிய கரும்புத்தோட்ட நினைவு உள்ள வீடுகளில் இந்தக் கதை எடுபடும்.

மடித்த தாள்களின் நடுவே கம்பி குத்தும் கம்பித் தையலுக்குப் பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக வேண்டும். 24 பக்கம் போதும்: 1 முதல் 3 வரை தலைப்பும் விவரங்களும், 4-5 முதல் 22-23 வரை கதைக்கு 10 விரிபக்கங்கள் (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கம்). பெரிய மரத்தை 12-13இல் வையுங்கள். அது மட்டும்தான் ஒரே தாளில் அச்சாகும். மற்றவற்றில் இரு பாதியும் வெவ்வேறு தாளில் வருவதால் அடிமரம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் முறிந்ததுபோல் தெரியும்.

210 மி.மீ. சதுரப் பக்கத்துக்கு நாற்புறமும் 3 மி.மீ. வெட்டு ஓரம் (அச்சிட்டபின் வெட்டி எறியும் விளிம்பு) சேர்த்தால் 216. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 2551 பிக்சல். எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். திரையில் மின்னும் தளிர்ப்பச்சை அச்சகத்தின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் மங்கும். மரப் புத்தகத்துக்கு இதுதான் பெரிய ஏமாற்றம்; ஒரு விரிபக்கத்தையாவது புத்தகத்துக்கான அதே வகைத் தாளில் அச்சிட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை முடிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்கட்டும், அளவு 18 முதல் 20 புள்ளி (பாயின்ட்). பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு-ரெடி கம்போசர் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டும். நான்கு மையும் கலந்தால் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். பல பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆங்கில வரியும் மரத்தின் ஜூலுப் பெயரும் சேருங்கள்.

ஓவியருக்குப் பணம் கொடுத்தாலே உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு வேண்டும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பிரிட்டோரியா தேசிய நூலகத்தில் இலவசம்; அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். வெளியாகும் நூல்களைச் சேமித்து வைக்கும் வைப்பு நூலகங்களுக்குச் சட்டப்படி 5 பிரதிகள் போகும், அவற்றையும் கணக்கில் சேர்த்தே அச்சிடுங்கள். அச்சகத்தின் விலையில் 15% மதிப்புக்கூட்டு வரி (வாட்) அடங்கியதா என்று கேட்டுவிட்டுப் புத்தக விலை போடுங்கள்.